கடைசித் தொட்டித் தண்ணீர்

1

நான் வேலை செய்யும் கழுவும் அறையின் சுவரில் தமிழில் ஒரு வரி ஒட்டியிருக்கிறது. ‘கடைசித் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடவும்.’ என் கையெழுத்துதான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது என்ன மொழி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். “தண்ணீர்” என்றேன். பிறகு கையால் கொட்டிக் காட்டினேன். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மேல் சொல்ல என்னிடம் பிரெஞ்சு இல்லை. ஊரில் இருக்கிறவர்களிடமாவது முழுதாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்கவரத்துக்காரன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பிரான்சின் தெற்கே துலூஸ் என்ற ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வந்தது என் மனைவி மல்லிகாவால். அவள் புதுச்சேரிக்காரி. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் குடும்பத்துக்கே இந்த நாட்டுக் குடியுரிமை. இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு ஒரு கால் சிறுத்திருந்தது. அதனால்தான் என்னைப் போன்றவனுக்குப் பெண் கொடுத்தார்கள் என்று ஊரில் பேசினார்கள். உண்மைதான். எங்கள் இருவருக்குள் அந்தப் பேச்சு ஒருநாளும் வந்ததில்லை. அவள் போய் ஐந்து வருடம் ஆகிறது. மகன் வினோத் பாரிசில் வேலை பார்க்கிறான். வீட்டில் நான் மட்டும்.

இங்கே எல்லோரும் என்னை ‘மிஸ்யே முனுசாமி’, அதாவது முனுசாமி ஐயா என்று கூப்பிடுகிறார்கள். என் பெயர் ஏழுமலை. முனுசாமி என் அப்பா, என் நைனா. பாஸ்போர்ட்டில் நைனா பெயர் இருந்த கட்டத்தைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். திருத்தச் சொல்லி மூன்று முறை மனுக் கொடுத்தோம். மூன்று முறையும் பதில் கடிதம் மிஸ்யே முனுசாமிக்கே வந்தது. இப்போது பழகிவிட்டது. ஆனாலும் யாராவது முதுகுக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டால், நைனா எங்கே இங்கே வந்தார் என்று ஒரு கணம் தேடுகிறேன்.

2

என் வேலை, ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவுவது. சீசா, குடுவை, விரல் தடிமனுள்ள சோதனைக் குழாய்கள். தம்பி சேகர் சிங்கவரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவான். இருபத்திரண்டு வருடமாக ஒரே கிண்டல்தான்.

“ஏரோப்ளேன் ஏறிப் போயி பாட்டில் கழுவுறியா? அததான் செஞ்சியிலயே கழுவிக்கினு இருந்தியே. டிக்கெட் செலவாவது மிச்சம் ஆயிருக்கும்.”

அவன் சொல்வதும் சரி. கல்யாணத்துக்கு முன்னால் செஞ்சி பஜாரில் ஒரு கோலி சோடா கம்பெனியில்தான் இருந்தேன். முதலாளியை எல்லோரும் நயினார் என்பார்கள். எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். கிணற்றுத் தண்ணீரை இரண்டாக மடித்த துணியில் வடிகட்டாமல் ஒரு சொட்டுகூடச் சோடாவுக்குப் போகாது. வடிகட்டின பிறகு அந்தத் துணியைக் கொஞ்சம் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை வாளியில் விட்டு, மெதுவாகக் கிணற்றுக்கே இறக்கிவிடுவார். துணியில் மாட்டிக்கொண்ட உயிர்கள் அவற்றின் வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டுமாம். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அவருக்கும் அது தெரியும்.

கழுவுவதற்கு மூன்று தொட்டிகள். பாட்டில் முதல் தொட்டியில் முங்கி, இரண்டாவதில் முங்கி, மூன்றாவதில் முங்கி வெளியே வரும். தண்ணீர் கலங்கினால்தான் கொட்டலாம். கடைசித் தொட்டித் தண்ணீரைக் கொட்டவே கூடாது. அது அடுத்த சுற்றுக்கு முதல் தொட்டியாகிவிடும். வந்த புதிதில் ஒருநாள் தெரியாமல் சாய்த்துவிட்டேன்.

“ஏண்டா ஏழுமல, அது இன்னா பாவம் பண்ணுச்சி? இப்பத்தான் கெணத்துல இருந்து ஏறி வந்துச்சி. ஒரு பாட்டிலக்கூட சரியா பாக்கல. அதுக்குள்ள சாக்கடைக்கு அனுப்பிட்டியே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் சோடா குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நான் கூச்சக்காரன். அதோடு அந்தப் பழக்கம் என் கையில் ஏறிவிட்டது.

3

ஆராய்ச்சிக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். வந்ததும் ‘பொன்ஷூர்’, போகும்போது ஒரு தலையாட்டல். அதோடு சரி. க்ளேர் மட்டும் வேறு மாதிரி. டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வேலை சரியாக வராத நாட்களில் என் அறைக்கு வந்து கழுவும் மேடை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசுவாள். நான் குறுக்கே பேச மாட்டேன் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். பாதிதான் புரியும். புரியாவிட்டால் கையிலிருப்பதை வைத்துக் காட்டுவாள்.

அவள் ஆராய்ச்சி பாக்டீரியாவைப் பற்றி. நாம் ஏன் மூச்சு விடுகிறோம் என்று ஒருநாள் கேட்டாள். உயிரோடு இருக்க என்றேன். சிரித்தாள். தின்றதிலிருந்து சத்தைப் பிரித்து எடுத்த பிறகு உடம்பில் ஒன்று மிச்சப்படுகிறது. அதை யாரிடமாவது ஒப்படைத்தே ஆக வேண்டும். நாம் காற்றிடம் ஒப்படைக்கிறோம், அதற்குத்தான் மூச்சு என்றாள். காற்றே இல்லாத இடத்தில் இருக்கும் பாக்டீரியா வேறு பொருட்களிடம் ஒப்படைத்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளுமாம். நிலத்துக்குப் போடும் உரத்தில் இருக்கும் நைட்ரேட்டிடம். மீன் உடம்பில் இருக்கும் ஒரு பொருளிடம். கந்தகம் கலந்த இன்னொரு பொருளிடம். இப்படிப் பல.

மல்லிகா கடைசி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும் வியாதி. கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சிக்கு இத்தனை வழி இருக்கிறது என்று கேட்டபோது எனக்கு ஏனோ கோபம் வந்தது. காட்டிக்கொள்ளாமல் தண்ணீர்க் குழாயைத் திறந்து தேய்க்க ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு பொருளையும் வாங்கிக்கொள்ள அந்தப் பாக்டீரியாவிடம் தனித்தனியாகச் சின்னக் கைகள் இருக்கின்றன என்று க்ளேர் சொன்னாள். தமிழில் அதை நொதி என்பார்களாம். வினோத் போனில் தேடிச் சொன்னான். சில கைகள் எதைக் கொடுத்தாலும் வாங்கும். சில கைகள் ஒன்றை மட்டும்தான் வாங்கும். இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கோலி சோடா பாட்டிலின் கழுத்துக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். ஒரு வகைப் பாட்டிலுக்கு எந்த வாஷரைப் போட்டாலும் உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு வகைக்கு அதனுடைய வாஷர்தான். வேறு எதைப் போட்டாலும் துப்பிவிடும்.

க்ளேர் ஆராய்ந்த கை இரண்டாவது வகை. மீன் பொருளைத் தவிர வேறெதையும் தொடாது. அது வாங்கினால் குழாயிலிருந்து மீன் கவிச்சு வரும். அந்தக் குழாய்களைக் கழுவிவிட்டு மெட்ரோவில் போனால் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். மல்லிகா இருந்தபோது ஒருநாள் வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்ததற்கு மாடி வீட்டுக்காரர் புகார் எழுதிப் போட்டார். இங்கே அதே நாற்றத்துக்கு டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள் என்று சேகரிடம் சொன்னேன். “அப்ப மீன் மார்க்கெட்டுல பாதி பேரு டாக்டர்தான்” என்றான்.

அந்தக் கையின் உள்ளங்கைக் குழியில் ஒரே ஒரு இடத்தைக் க்ளேர் மாற்றினாள். மாற்றிய பிறகு அது கந்தகப் பொருளையும் வாங்குமா என்பதுதான் அவள் கேள்வி. வாங்கினால் அந்தப் பாக்டீரியா பிழைத்துப் பெருகும், குழாய் கலங்கும். வாங்காவிட்டால் மூச்சுக்கு வழியில்லை. குழாய் தெளிவாகவே நிற்கும்.

4

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் உலோகத் துணுக்குகூட அவள் வேலையைக் கெடுக்குமாம். அதனால் அவளுடைய குழாய்களை மட்டும் மெஷினில் போடாமல் நைட்ரிக் ஆசிட்டில் ஊறவைத்துக் கையால் கழுவ வேண்டும். செய்முறைக் காகிதம் ஒன்றைச் சுவரில் ஒட்டினார்கள். எனக்கு அதில் எண்கள்தான் தெரியும். மூன்று என்று போட்டிருந்தது. குழாய்த் தண்ணீரில் ஓர் அலசு, பிறகு சுத்த நீரில் மூன்று முறை என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று தொட்டி. எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

சுத்த நீர் சுவரில் இருக்கும் ஒரு மெஷினிலிருந்து நூலாக வரும். ஒரு குடம் சுத்த நீருக்கு அதைவிட அதிகமான தண்ணீர் சாக்கடைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வந்த தண்ணீரை எப்படிக் கொட்டுவது? காலையில் மூன்று தொட்டிகளை நிரப்புவேன். குழாய்கள் ஆறு தட்டு. ஆறும் வரிசையாக அதே தொட்டிகளில் முங்கி எழும். தண்ணீர் கலங்கவே இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. கடைசித் தொட்டித் தண்ணீரை மூடி வைத்து அடுத்த முறை முதல் தொட்டியாக்கினேன். எட்டு மாதம் இப்படித்தான். என் வேலை நன்றாக இருக்கிறது என்று எனக்கே ஒரு பெருமை.

ஒருநாள் க்ளேர் கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். “மிஸ்யே முனுசாமி, இதைப் பாருங்க” என்று ஆறு குழாய்களை வெளிச்சத்தில் பிடித்தாள். எதுவும் போடாத முதல் குழாய் தெளிவு. கந்தகப் பொருள் போட்ட ஆறாவது குழாய் லேசாகக் கலங்கியிருந்தது. “வாங்கிடுச்சு! என் கை வாங்கிடுச்சு!” மூன்று முறை திரும்பச் செய்தும் அதே முடிவு. ஒரு பத்திரிகைக்கு அனுப்ப எழுத ஆரம்பித்தாள்.

5

அந்த நேரத்தில்தான் மல்லிகாவின் நாலாம் வருடத் திதி வந்தது. ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வினோத்திடம் போனேன். அவன் அம்மாவின் படத்தைத் துடைத்து வைத்திருந்தான். பூ வாங்க மறந்துவிட்டான். நான் அவன் சமையலறையில் சோறும் கருணைக்கிழங்கும் வடையும் செய்தேன். படையலுக்கு முன்னால் நின்று, “பப்பா, இப்ப என்ன செய்யணும்?” என்று கேட்டான். சின்னப் பிள்ளையில் நைனா என்றுதான் கூப்பிட்டான். பள்ளிக்கூடம் போன இரண்டாவது வருடம் அது பப்பா ஆயிற்று. “கும்பிடு” என்றேன். கும்பிட்டான். பிறகு போனைப் பார்த்தான். அவனைக் குறை சொல்லவில்லை. அவன் நல்ல பிள்ளை. எனக்குக் குடியுரிமை இல்லை, குடியிருப்பு அட்டைதான்; அதைப் புதுப்பிக்கும் மனுவை அவன்தான் பூர்த்தி செய்தான். தொழில் என்ற இடத்தில் ‘ஆய்வக உதவியாளர்’ என்று எழுதினான். கழுவுகிறவன் என்று எழுதேன் என்றேன். “இதுவும் அதுதான், பப்பா” என்றான்.

திரும்பி வந்தபோது க்ளேர் முகம் செத்திருந்தது. அந்த வாரம் மாடியில் வேலை செய்யும் அம்மாள் என் இடத்தில் கழுவியிருக்கிறார். ஆறாவது குழாய் கலங்கவே இல்லை. பாக்டீரியா கற்றுக்கொண்டதை மறந்துவிட்டது என்று க்ளேர் அழாத குறை. நான் வந்த வாரம் மறுபடியும் செய்தாள். மறுபடியும் கலங்கியது. துள்ளிக் குதித்து என் அறைக்கு ஓடி வந்தாள்.

“நீங்க இருந்தாத்தான் வளருது. என் பாக்டீரியாவுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு!”

நானும் சிரித்தேன். அவள் போன பிறகு தொட்டிகளைப் பார்த்தேன். ஆசிட் டப்பாவைப் பார்த்தேன். அதன் மேல் எழுதியிருந்த இரண்டாவது வார்த்தையின் முதல் நான்கு எழுத்துகள், க்ளேரின் மேஜையில் இருக்கும் நைட்ரேட் புட்டியிலும் இருந்தன. எனக்கு அவ்வளவு பிரெஞ்சு படிக்கத் தெரியும். நைட்ரேட் இருந்தால் பாக்டீரியா மற்ற எதையும் தொடாது, அதற்கு இருக்கும் தனிக் கையால் அதைத்தான் முதலில் வாங்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். நான் கழுவிய தட்டுகளை ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக அடுக்கி வைப்பேன். எதுவும் போடாத குழாயை அவள் முதல் தட்டிலிருந்து எடுப்பாள். கந்தகப் பொருளுக்கு எப்போதும் ஆறாவது தட்டு. முன்னால் முங்கிய ஐந்து தட்டும் தொட்டியில் விட்டுப்போன ஆசிட் அதில்தான் அதிகம் ஒட்டியிருக்கும்.

அவள் கை எதையும் வாங்கவில்லை. என் தொட்டித் தண்ணீரைத்தான் வேறொரு கை வாங்கியிருக்கிறது.

6

வெள்ளிக்கிழமை அவள் கட்டுரை போவதாக இருந்தது. அதே வாரம், என் வேலை இன்னும் ஒரு வருடத்துக்கு நீடிக்கும் என்ற கடிதத்தில் ஆராய்ச்சிக்கூடத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் குடியிருப்பு அட்டை மனுவை வாங்க மாட்டார்கள். வினோத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“பப்பா, கடிதம் கைக்கு வரட்டும். அப்புறம் சொல்லு. இல்ல, சொல்லவே சொல்லாத. அவங்களே கண்டுபிடிப்பாங்க.”

“கண்டுபிடிக்கலன்னா?”

“கண்டுபிடிக்கலன்னா என்ன? யார் சாகப் போறா?”

நியாயமாகத்தான் பட்டது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை மதியம் க்ளேர் வந்து மேடை மேல் உட்கார்ந்து, கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரையும் போட்டிருப்பதாகச் சொன்னாள். முனுசாமி என்று எழுத்துக்கூட்டிக் காட்டினாள். பொய்யான ஒன்றின் அடியில் நைனாவின் பெயர்.

வியாழக்கிழமை காலை மெட்ரோவில் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். எதிரில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தாள். க்ளேரின் அறை வாசலில் போய் நின்றதும் ஒரு வார்த்தைகூட வரவில்லை. “வாங்க” என்று மட்டும் கையைக் காட்டினேன்.

அவள் முன்னால் மூன்று தொட்டிகளையும் நிரப்பினேன். ஆசிட்டிலிருந்து முதல் தட்டை எடுத்து, ஓர் அலசு, பிறகு மூன்று முங்கு. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் தண்ணீரை மாற்றாமல் இரண்டாவது தட்டை எடுத்தேன். மூன்றாவதை எடுத்தபோது அவள் கை கீழே இறங்கியது. ஓடிப் போய் ஒரு சின்ன டப்பா கொண்டுவந்தாள். அதில் விரல் நீளக் காகிதப் பட்டைகள். நைட்ரேட் இருந்தால் நுனி ரோஜா நிறமாகும். ஒவ்வொரு தட்டு முடிந்ததும் கடைசித் தொட்டியில் ஒன்றை முக்கி எடுத்து மேடையில் வைத்தாள். மூன்றாவது தட்டுக்கு நிறம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். நான்காவதுக்குச் சந்தேகம் இல்லை. ஆறாவது செஞ்சிப் பூக்கடையில் விற்கும் பன்னீர் ரோஜா மாதிரி இருந்தது.

“எப்போதிலிருந்து?” என்றாள்.

எட்டு விரல்களைக் காட்டினேன். “மாதம்.”

“ஏன்?”

கிணற்றையும் துணியையும் நயினாரையும் நான் எந்த மொழியில் சொல்வேன்? “தண்ணீர். கொட்ட… மனசு இல்லை” என்றேன். அது பிரெஞ்சில் என்னவாக வந்ததோ தெரியாது. அவள் அந்தப் பட்டைகளைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வெளியே போனாள். கதவை அடிக்கவில்லை. மெதுவாகச் சாத்தினாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

7

கட்டுரை போகவில்லை. இரண்டு வாரம் அவள் என் அறைப் பக்கம் வரவில்லை. நடைவழியில் எதிர்ப்பட்டால் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு போனாள். மற்றவர்களும் பொன்ஷூரைக் கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்ன மாதிரி இருந்தது. என் மனசாகவும் இருக்கலாம். தலைவரின் செயலாளர் ஒருநாள் கூப்பிட்டு ஓர் உறையைக் கொடுத்தார். வேலையை விட்டுப் போகச் சொல்லும் கடிதம் என்று நினைத்துப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மல்லிகா இருந்தால் பிரித்துப் படித்திருப்பாள். மறுநாள் படம் எடுத்து வினோத்துக்கு அனுப்பினேன். ஒரு வருடத்துக்கு நீடித்திருந்தார்கள். வேறொன்றும் எழுதவில்லை. அவர்களுக்குத் தெரிந்து போட்ட கையெழுத்தா, தெரியாமல் போட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வினோத் படித்துவிட்டு, “நிஜமாவே சொல்லிட்டியா?” என்றான்.

“ஆமா.”

“எப்படி? உனக்குத்தான் பேச வராதே.”

“கழுவிக் காட்டினேன்.”

“அந்த மூணு தொட்டி என்ன கணக்கு? சொல்லு” என்றான். இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி. சொல்லிக்கொண்டிருந்தபோது அவனுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் க்ளேர் வந்தாள். கையில் ஆறு குழாய்கள். மாடி அம்மாள் கழுவியவை. மீன் பொருள் போட்டது ஒன்றுதான் கலங்கியிருந்தது. மற்ற ஐந்தும் தெளிவு. “வாங்கலை. உள்ளங்கையை மாத்தியும் வாங்கலை. அதுக்கு மீன் பொருள் ஒண்ணுதான்” என்றாள். குரலில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது. அதையே எழுதித்தான் பட்டம் வாங்கினாள். எட்டு மாதம் தள்ளிப்போயிற்று. அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

அன்று சுவரில் இருந்த காகிதத்தின் அடியில் இடம் காட்டி, பேனாவைக் கொடுத்து, உங்கள் மொழியில் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு பட்டையைத் தொட்டியில் முக்கிப் பார்ப்பாள். வெள்ளையாக இருந்தால் என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுப் போவாள். கடைசி வரைக்கும் மேடை மேல் ஏறி உட்காரவில்லை. இப்போது வடக்கே வேறு ஊரில் இருக்கிறாள். பட்டை டப்பா மட்டும் என் அலமாரியில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சேகரிடம் இதையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “செரி, இப்ப இன்னா பண்ற அந்தத் தண்ணிய?” என்றான்.

“ஊத்திடுறேன்.”

“அய்யய்யோ” என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை.

அந்தக் கட்டடத்தில் அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தரம் அதைப் படித்துவிட்டுத்தான் தொட்டியைச் சாய்க்கிறேன். சாய்ப்பதற்கு முன்னால் பக்கத்துத் தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிடுகிறேன். அந்த இரைச்சலில் தொட்டித் தண்ணீர் போகிற சத்தம் கேட்பதில்லை.